வீட்டு ஹாப்ஸ், கையால் செய்த கருவி, 20 லிட்டர் பிட்டர்: எங்கே சொதப்பும்?

டார்ட்ஃபோர்ட்_வாசி · பதிவு 1

மூன்று பேர் சேர்ந்து செப்டம்பரில் 20 லிட்டர் இங்கிலீஷ் பிட்டர் (கசப்புச் சாயல் உள்ள பியர் வகை) போடத் திட்டம். கிட் டப்பா (கடையில் விற்கும் ஆயத்த மால்ட் பாகு) வேண்டாம், முழு மால்ட்தான் (முளைகட்டி உலர்த்திய பார்லி).

கையில் இருப்பவை: 36 லிட்டர் கூல் பாக்ஸ், 33 லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் வாளி (அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற முத்திரை), பழைய கெட்டிலில் கழற்றிய 2.4 கிலோவாட் எலிமெண்ட் இரண்டு, 10 மி.மீ. செம்புக் குழாய் 10 மீட்டர். ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப் பூ) மூன்று தோட்டத்திலும் இருக்கிறது. இரண்டு ஃபக்கிள் வகை, ஒன்று ஃபர்ஸ்ட் கோல்ட் வகை. எல்லாம் மூன்றாம் வருடக் கொடி, பூ நிறைய.

வாளியிலேயே எலிமெண்ட் பொருத்திக் கொதிக்க வைக்கலாமா? கடையில் ஹாப்ஸே வாங்காமல் ஒப்பேற்ற முடியுமா? எங்கள் கென்ட் (தென்கிழக்கு இங்கிலாந்து) தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதற்கு என்ன செய்வது?

செம்புக்குழாய் · பதிவு 2

முதலில் வாளியை ஒதுக்குங்கள். 2 என்ற முத்திரை இருந்தால் அது அடர் பாலிஎத்திலீன். நொதிக்க வைக்க நல்லது, கொதிக்க வைக்க ஆகாது. 100 டிகிரியில் மெத்தென்று ஆகிப் பக்கவாட்டில் பிதுங்கும், எலிமெண்ட் வாஷர் வழியே ஒழுகும். 26 லிட்டர் கொதிநீர் கால்மேல் விழுந்தால் பியர் பேச்சே இருக்காது. 5 என்ற முத்திரை உள்ள பாலிபுரொப்பிலீன் வாளி தாங்கும் என்று பலர் செய்கிறார்கள். என் வோட்டு 35 லிட்டர் எவர்சில்வர் பானைக்குத்தான். பழைய பியர் கெக்கை (உலோகப் பீப்பாய்) வெட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கெக் பெரும்பாலும் மதுவாலைக்கோ வாடகை நிறுவனத்துக்கோ சொந்தம், பப்பின் பின்வாசலில் கிடப்பதை எடுத்தால் அது திருட்டு.

இரண்டு எலிமெண்டும் சேர்ந்தால் 4.8 கிலோவாட், கிட்டத்தட்ட 21 ஆம்பியர். ஒரே இரட்டை சாக்கெட்டில் இரண்டையும் செருகாதீர்கள், சாக்கெட் உருகும். தனித்தனி சர்க்யூட்டில் இருந்து எடுங்கள், இரண்டிலும் கசிவு மின்சாரத்தில் துண்டிக்கும் ஆர்சிடி வேண்டும், பானை உடம்புக்கு எர்த் வேண்டும். இது பேரம் பேசும் இடமல்ல. 60 டிகிரியில் வரும் 26 லிட்டர் வார்ட்டை (மால்ட் ஊறி வடியும் இனிப்பு நீர்) இரண்டும் சேர்ந்து 20 நிமிடத்தில் கொதிக்க வைக்கும். பிறகு ஒன்றை அணைத்துவிடலாம்.

கெட்டில் எலிமெண்டின் வழக்கமான வியாதி: கொதி நடுவே பட்டென்று அணையும். வார்ட்டில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் மேலே கருகிப் படிவதால் எலிமெண்ட் சூடேறி, உள்ளே இருக்கும் கட்-அவுட் (சூடு மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். வார்ட் ஊற்ற ஆரம்பித்ததும் எலிமெண்டைப் போடாதீர்கள். நன்றாக மூழ்கிய பிறகு போட்டு, கொதி வரும்வரை அவ்வப்போது கரண்டியால் கலக்குங்கள். ஒவ்வொரு முறைக்கும் பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வைத்துத் துடையுங்கள்.

கூல் பாக்ஸ் அருமையான மேஷ் டன் (மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்கும் தொட்டி). அடியில் 15 மி.மீ. செம்புக் குழாயைச் செவ்வகமாக அடுக்கி, ஹேக்சாவால் 10 மி.மீ.க்கு ஒரு கீறல், குழாயின் பாதி ஆழம் வரை. கீறல்கள் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். மேலே பார்த்தால் தவிடு அடைக்கும், அடியில் இரண்டு லிட்டர் இனிப்பு நீர் தேங்கி வீணாகும். மூட்டுகளைப் பற்றவைக்காதீர்கள், இறுக்கிச் செருகினால் போதும். கழுவும்போது கழற்ற வேண்டும், ஈயப் பற்றும் உணவில் சேராது. வெளியே அரை அங்குலப் பந்து வால்வு (ball valve). மூடி பெரும்பாலும் உள்ளே வெற்றாக இருக்கும், சூடு அதன் வழியேதான் போகும். சின்ன ஓட்டை போட்டு விரியும் ஃபோம் அடித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறங்காது.

மால்ட்மாமா · பதிவு 3

கருவியைத் தம்பி முடித்துவிட்டார், நான் கணக்குக்கு வருகிறேன்.

மாரிஸ் ஆட்டர் என்ற வெளிர் மால்ட் 3.7 கிலோ, நிறமும் இனிப்பும் தரும் கிறிஸ்டல் மால்ட் 250 கிராம். இந்த மாதிரி அமைப்பில் 72 சதவீதம் சர்க்கரை எடுப்பதாக வைத்தால் 20 லிட்டருக்கு ஆரம்ப அடர்த்தி (நீர் 1.000 என்றால்) 1.042. நொதித்து 1.010இல் நின்றால் ஆல்கஹால் 4.2 சதவீதம். பிட்டருக்கு அவ்வளவு போதும்.

தண்ணீர்: கிலோவுக்கு 2.5 லிட்டர் என்று 10 லிட்டர். மேஷ் 66 டிகிரியில் நிற்க வேண்டும். மால்ட் 18 டிகிரியில் இருந்தால் தண்ணீர் 74 டிகிரி. அதற்கு முன்பே பெட்டியில் கொதிநீர் ஊற்றி 10 நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கே இரண்டு மூன்று டிகிரியைக் குடித்துவிடும். முதலில் தண்ணீர், அதன்மேல் மால்ட். மாறிப் போனால் ரவா உப்புமா போல உருண்டை கட்டும், உருண்டைக்குள் மாவு காய்ந்தே கிடக்கும். அடர்த்தி 1.042க்குப் பதில் 1.034 வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, கடையில் சரியாக நொறுக்காத மால்ட்.

60 நிமிடம் கழித்து வால்வை மெல்ல திறங்கள். முதல் இரண்டு மூன்று லிட்டர் கலங்கலாக வரும், ஜக்கில் பிடித்து மேலேயே திரும்ப ஊற்றுங்கள். தெளிந்ததும் பானைக்கு விடுங்கள். மால்ட் கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே முதலில் 6 லிட்டர்தான் கிடைக்கும். பிறகு 80 டிகிரித் தண்ணீர் 10 லிட்டர், கலக்கி 10 நிமிடம், வடி. இன்னொரு 10 லிட்டர், வடி. மொத்தம் 26. ஒரு மணி நேரக் கொதியில் 3 லிட்டர் ஆவி, ஆறும்போது சுருங்குவது ஒரு லிட்டர், ஹாப்ஸிலும் வண்டலிலும் 2 லிட்டர். மிச்சம் உங்கள் 20.

வால்வைப் படாரென்று திறந்தால் தவிடு இறுகி அடைத்துக்கொள்ளும். அப்படியானால் குத்திக் கிளறாதீர்கள். வால்வை மூடி, இரண்டு லிட்டர் சுடுநீர் சேர்த்து முழுவதையும் கலக்கி, 10 நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள்.

கசப்புக்கு கடையில் வாங்கிய சேலஞ்சர் வகை ஹாப்ஸ், ஆல்ஃபா (கசப்பு தரும் அமிலம்) 7 சதவீதம் என்றால் 22 கிராம், 60 நிமிடம். உங்கள் தோட்டத்து உலர் ஹாப்ஸ் 40 கிராம் கடைசி 10 நிமிடத்தில். எலிமெண்டை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியதும் இன்னும் 30 கிராம், அரை மணி நேரம். பிறகு குளிரூட்டல்.

டார்ட்ஃபோர்ட்_வாசி · பதிவு 4

> கசப்புக்கு கடையில் வாங்கிய சேலஞ்சர்

மாமா, இங்கேதான் இடிக்கிறது. மூன்று கொடியும் சேர்ந்தால் ஒரு கிலோ உலர் ஹாப்ஸ் தாராளமாக வரும். அப்புறம் எதற்கு 22 கிராமைக் காசு கொடுத்து வாங்குவது?

ஈரப்பதம் · பதிவு 5

அளவு போதாது என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு கசக்கும் என்று தெரியாது, அதுதான் சிக்கல். மாமா சொல்லாமல் விட்ட கணக்கு இது.

ஒரு மணி நேரம் கொதித்தால் ஆல்ஃபா அமிலத்தில் சுமார் 25 சதவீதம் பியரில் சேரும். 28 ஐபியு (பியரின் கசப்பு அளவு) வேண்டும், தோட்டத்து ஹாப்ஸ் 5 சதவீதம் என்று *ஊகித்தால்* 45 கிராம் போடுவீர்கள். உண்மையில் அது 3 சதவீதமாக இருந்தால் பியர் 17 ஐபியுவில் தித்திப்பாக நிற்கும். 7 ஆக இருந்தால் 39, முகம் சுளிக்கும். ஒரே செய்முறை, இரண்டு வேறு பியர். மழை, வெயில், பறித்த நாள், காய வைத்த சூடு எல்லாமே இந்த எண்ணை ஆட்டும்.

இப்போது மாமாவின் முறை: 22 கிராம் சேலஞ்சரில் 19 ஐபியு உறுதி. தோட்டத்து 40 கிராம் 10 நிமிடத்தில் 9 சதவீதம்தான் சேரும். 5 சதவீத ஆல்ஃபாவுக்கு 9 ஐபியு, 3க்கு 5, 7க்கு 13. ஊகம் எந்தப் பக்கம் தவறினாலும் நான்கு ஐபியுதான் ஆடும், நாக்கு பொறுத்துக்கொள்ளும். வாசனைதான் வீட்டு ஹாப்ஸின் சொத்து. ஒரு மணி நேரம் கொதித்தால் அது ஆவியோடு போய்விடும். தோட்டத்தில் வளர்த்ததைச் சமையலறைக் கூரைக்குக் காணிக்கை கொடுப்பானேன்?

கடைச் சரக்கே வேண்டாம் என்ற பிடிவாதம் இருந்தால் ஒரு வழி உண்டு. ஆல்ஃபா தெரிந்த ஹாப்ஸ் 5 கிராம் மட்டும் எங்காவது வாங்கி, ஒரு லிட்டர் நீரில் 30 நிமிடம் கொதிக்க விடுங்கள். பக்கத்து அடுப்பில் உங்கள் ஹாப்ஸ் 5 கிராம், அதே போல. ஆவியான நீரை ஈடுகட்டி, வடித்து, ஆற வையுங்கள். அதிகம் கசப்பதில் 100 மி.லி. எடுத்து, இரண்டும் ஒரே கசப்பாகும்வரை நீர் சேருங்கள். 7 சதவீத சேலஞ்சர் நீருக்கு 60 மி.லி. பிடித்தால் உங்களுடையது 7ஐ 1.6ஆல் வகுத்த 4.4. மூன்று பேரும் தனித்தனியே ருசித்துச் சராசரி எடுங்கள். இது ஆய்வகத் துல்லியம் இல்லை. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு போடுவதைவிட மேல்.

அதற்கும் முன்பு, காய்ந்த ஹாப்ஸைக் கலந்து ஒரே குவியலாக்குங்கள். மூன்று பை மூன்று விதமாக இருந்தால் அளந்ததற்கே பொருளில்லை.

கொடிக்கால் · பதிவு 6

கலக்கிறதுக்கு முதல் வடிவா காய வேணும். வீட்டு ஹாப்ஸைக் கெடுக்கிறது வகையும் இல்லை, மண்ணும் இல்லை, காய வைக்கிற விதம்தான்.

பறிக்கிற நேரம்: பூவை விரலுக்கிடையில் நசுக்கிப் பாருங்கோ. ஈரப் பஞ்சு மாதிரி அமுங்கினால் இன்னும் காலம் இருக்குது. கடதாசி மாதிரிச் சரசரத்து, உடனே விரிஞ்சு, உள்ளுக்குள்ள லூபுலின் தூள் நல்ல மஞ்சளாக் கையில ஒட்டினால் பறியுங்கோ. இதழ் நுனி லேசா பழுப்பு அடிக்கத் தொடங்கும். தூள் செம்மஞ்சளாகி ஊசின மணம் வந்தால் பிந்திப் போச்சு. ஃபக்கிள் செப்டம்பர் தொடக்கத்திலேயே வந்திடும், ஃபர்ஸ்ட் கோல்ட் கொஞ்சம் பிந்தும். ஒரே நாளில் எல்லாத்தையும் பறிக்க வெளிக்கிடாதேங்கோ.

பறிச்ச பூவில் கிட்டத்தட்ட 80 வீதம் தண்ணி. குவிச்சு வைச்சால் சில மணித்தியாலத்திலேயே உள்ளுக்குச் சூடேறிப் பழுக்கத் தொடங்கும். மரச் சட்டத்தில் கொசுவலை அடிச்ச தட்டு மூண்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு, கீழ ஒரு மேசை விசிறி. ஒரு தட்டில் 5 செ.மீ.க்கு மேல கொட்ட வேண்டாம். வெறுங்காத்தில் இரண்டு மூண்டு நாள். சூடு குடுக்கிறதெண்டால் 50 டிகிரிக்கு மேல போகக் கூடாது, ஹீட்டரை விட்டிட்டு நித்திரைக்குப் போகவும் கூடாது. காய்ஞ்ச ஹாப்ஸ் நல்லாத் தீப்பிடிக்கும்.

காய்ஞ்சிட்டுதா எண்டு இதழைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதேங்கோ. இதழ் முதலில் காய்ஞ்சிடும், நடுக்காம்பு ஈரமா இருக்கும். காம்பு வளையாமல் டிக்கெண்டு முறிய வேணும். தராசு இருந்தால் இன்னும் நல்லது: பச்சைப் பூ 100 கிராமை ஓவனில் எடை மாறாமல் நிக்கும்வரை காய வையுங்கோ. 22 கிராம் மிஞ்சுது எண்டு வையுங்கோ. 10 வீத ஈரத்துக்கு 22ஐ 0.9ஆல் பிரிக்க 24.4. அப்ப 2 கிலோ பச்சைப் பூ 490 கிராமுக்கு வந்ததும் நிப்பாட்டலாம். அந்த 100 கிராமைப் பியருக்குப் போடாதேங்கோ, ஓவன் சூட்டில் மணமெல்லாம் போயிருக்கும்.

பிறகு காத்தை உறிஞ்சி அடைச்சு, உறைபெட்டியில் மைனஸ் 18. காத்துப் பட்ட பழைய ஹாப்ஸ் ஊசின சீஸ் மணம் மணக்கும்.

இன்னுமொண்டு. வீட்டில் நாய் இருந்தால் கொதிச்சு முடிஞ்ச ஹாப்ஸ் சக்கையை மூடியுள்ள தொட்டியில் போடுங்கோ. நாய் திண்டால் உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறிச் செத்தும் போகலாம். மால்ட் வாசத்துக்கு விரும்பித் தின்னும்.

நுரை_தள்ளி · பதிவு 7

இவ்வளவு காய வைக்கிற பாடு எதுக்கு? பச்சையாவே போடலாமே. கென்ட்ல பச்சை ஹாப்ஸ் பியர்னு வருஷா வருஷம் போடுறாங்க.

ஈரப்பதம் · பதிவு 8

போடலாம், பறித்த 24 மணி நேரத்துக்குள். எடை ஐந்து மடங்கு: 40 கிராமுக்குப் பதில் 200, 30க்குப் பதில் 150. அதில் 280 மி.லி. தண்ணீர் ஒளிந்திருக்கிறது, அது பெரிய விஷயமில்லை. ஆனால் ஒன்றரைக் கிலோ கொட்டினால் ஒரு லிட்டருக்கு மேல் நீர்த்துவிடும், பானையிலும் இடம் இருக்காது. சுவை வெட்டிய புல், வெள்ளரிக்காய்ப் பக்கம் போகும். பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். வருடத்தில் ஒருமுறைதான் செய்ய முடியும் என்பதால் மீதியை எப்படியும் காய வைத்தே ஆக வேண்டும்.

நுரை_தள்ளி · பதிவு 9

அப்போ நொதிச்சு முடிஞ்ச வாளியில உலர் ஹாப்ஸைப் போட்டு வாசனை ஏத்தலாமா? பதிவு 3ல அது இல்லையே.

மால்ட்மாமா · பதிவு 10

வேண்டுமென்றேதான் விட்டேன். ஹாப்ஸுக்குள் மாவுச் சத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. ஈஸ்ட் தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரினை அவை சர்க்கரையாக்கும், ஈஸ்ட் மறுபடி எழுந்து தின்னும். ஹொரேஸ் பிரவுனும் மோரிஸும் 1893லேயே இதை எழுதிவைத்தார்கள். மதுவாலைகள் நூறு வருடம் மறந்திருந்து, ஹாப்ஸை மூட்டை மூட்டையாகக் கொட்டும் இந்தக் காலத்தில் மறுபடி கண்டுபிடித்தன. கொதியில் போட்டால் நொதி செத்துவிடும், குளிர்ந்த வாளியில் போட்டால் சாகாது. உங்களைப் போல மிதமான சூட்டில் காய வைத்த ஹாப்ஸில் அது இன்னும் உயிரோடு இருக்கும்.

விளைவு பாட்டிலில் தெரியும். அடர்த்தி ஒரு புள்ளி (0.001) இறங்கினால், பியரின் கன அளவில் அரைப் பங்கு கார்பன் டை ஆக்சைடு கூடும். 2 பங்குக்குச் சர்க்கரை போட்டு அடைத்த பாட்டிலில் பிறகு நான்கு புள்ளி இறங்கினால் 4 பங்கு. சாதாரண பியர் பாட்டில் 3 பங்கு வரை தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கண்ணாடி வெடிகுண்டுதான்.

ஆசை விடவில்லை என்றால் 30 கிராம் போட்டு, வாளியை 19, 20 டிகிரியிலேயே வைத்து, அடர்த்தி மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணில் நிற்கும்வரை பாட்டில் பக்கம் போகாதீர்கள். கெக்கில் அடைப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

டார்ட்ஃபோர்ட்_வாசி · பதிவு 11

சேலஞ்சர் வாங்குகிறேன், தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் கேள்வி அப்படியே நிற்கிறது.

செம்புக்குழாய் · பதிவு 12

இரண்டு வேலை. ஒன்று குளோரின்: 30 லிட்டருக்குக் காம்ப்டன் மாத்திரை (குளோரினை நீக்கும் சல்ஃபைட்) அரை, பொடித்து, சூடேற்றும் முன்பே. விட்டுவிட்டால் பியரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும், அது எத்தனை மாதம் வைத்தாலும் போகாது.

இரண்டு சுண்ணாம்பு: மேஷின் பிஹெச் 5.2 முதல் 5.6க்குள் விழ வேண்டும். உங்கள் பகுதித் தண்ணீரில் வெளிர் மால்ட் மட்டும் போட்டால் அதற்கு மேலே நிற்கும், சர்க்கரை குறைவாக வரும், தவிட்டின் துவர்ப்பு இறங்கும். மலிவான வழி, முதல் நாள் இரவே முழுத் தண்ணீரையும் 15 நிமிடம் கொதிக்கவிட்டு மூடி வைப்பது. காலையில் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அதைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். மிச்சத்துக்கு லாக்டிக் அமிலம் சில மி.லி. மீன் தொட்டிக் கடையில் காரத்தன்மை அளக்கும் கிட் கிடைக்கும், அளந்துவிட்டு ஊற்றுங்கள். அமிலத்தை மட்டுமே நம்பினால் அளவு ஏறி நாக்கில் புளிப்பு தட்டும்.

10 மி.மீ. செம்புக் குழாயைச் சுருட்டினால் அதுதான் குளிரூட்டி. அந்தச் சுருளை முதல் தடவை வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கொதியின் கடைசி 15 நிமிடம் அதைப் பானைக்குள்ளேயே இறக்கிவிட்டால் தனியாகக் கிருமி நீக்க வேண்டாம். அதற்குள் குழாய்த் தண்ணீர் ஓடும்போது சுருளை ஆட்டிக்கொண்டே இருங்கள், சும்மா விட்டால் சுருளைச் சுற்றியுள்ள வார்ட் மட்டும் குளிரும். 19 டிகிரிக்கு வந்ததும் வாளிக்கு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், ஈஸ்ட்டுக்குக் காற்று வேண்டும். 11 கிராம் உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் போதும். ஆற வைத்ததற்குப் பிறகு தொடும் எல்லாமே, வால்வின் வெளி மூக்கு உட்பட, கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். வால்வு மூக்கை எல்லோரும் மறப்பார்கள்.

வைகைக்கரை · பதிவு 13

மதுரையில் மொட்டை மாடியில் ஹாப்ஸ் வளர்த்து இதைச் செய்ய முடியுமா அண்ணா?

ஈரப்பதம் · பதிவு 14

கொடி வளரும், பூ சரியாக வராது. நீண்ட பகலில் வளர்ந்து, பகல் குறையும்போது பூப்பது ஹாப்ஸின் சுபாவம். கென்ட்டில் ஜூனில் பகல் பதினாறரை மணி நேரம், நம் ஊரில் 13ஐக்கூடத் தொடாது. குளிர்கால உறக்கமும் வேண்டும். இந்தியாவில் அது விளைவது இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில்தான்.

அதைவிட முக்கியம் சட்டம். பிரிட்டனில் வீட்டு பியருக்கான லைசென்ஸ் 1963லேயே போய்விட்டது. சொந்தமாகக் குடிக்கக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் காய்ச்சினால் குற்றம். "ஊறல்" என்ற சொல் நம் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் வரும் என்று தெரியும்தானே. செய்யாதீர்கள்.

கொடிக்கால் · பதிவு 15

மதுரைத் தம்பிக்கு ஆறுதலா ஒரு விசயம்: இங்க ஹாப்ஸ் தோட்டங்களில் கொடி ஏறுறது தென்னந்தும்புக் கயிறில். கேரளாவிலயும் இலங்கையிலயும் இருந்து வாறது. நைலோன் கயிறெண்டால் கொடி வழுக்கும், அறுவடைக்குப் பிறகு கொடியோட சேர்த்து உரக்குழியில் போடவும் ஏலாது. டார்ட்ஃபோர்ட்காரர் அடுத்த முறை தும்புக் கயிறையே கட்டுங்கோ. ஏப்ரல் கடைசியில் ஒரு கயிறுக்கு இரண்டு மூண்டு தளிர் மட்டும், கடிகாரச் சுத்தில் சுத்தி விடுங்கோ. மிச்சத்தை வெட்டுங்கோ. எதிர்ப்பக்கம் சுத்தினால் அடுத்த நாளே கழண்டு தொங்கும். உச்சிக்குப் போனதும் அடியில் ஒரு மீட்டருக்கு இலையை உருவி விடுங்கோ, பூஞ்சணம் அங்கயிருந்துதான் ஏறும்.

டார்ட்ஃபோர்ட்_வாசி · பதிவு 16

கடைசியாக இரண்டு. பாட்டிலுக்கு எவ்வளவு சர்க்கரை? பூ பறித்ததும் கொடியை அடியோடு வெட்டிவிடலாமா?

மால்ட்மாமா · பதிவு 17

20 லிட்டருக்குச் சாதாரண வெள்ளைச் சர்க்கரை 85 கிராம், 200 மி.லி. நீரில் கொதிக்க வைத்து, காலி வாளியில் முதலில் அதை ஊற்றி, அதன்மேல் பியரைச் சலசலப்பில்லாமல் குழாயால் இறக்குங்கள். பாட்டில் பாட்டிலாகக் கரண்டியில் போட்டால் ஒன்று சப்பென்று இருக்கும், ஒன்று பீறிடும். அரை லிட்டர் பழுப்புப் பாட்டில் 38, 39 நிரம்பும். பச்சைக் கண்ணாடியும் வெள்ளைக் கண்ணாடியும் வெளிச்சத்தை விடும், ஹாப்ஸ் கசப்பு ஒளி பட்டால் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம். இரண்டு வாரம் அறைச் சூட்டில், பிறகு குளிரில்.

கொடிக்கால் · பதிவு 18

வெட்டாதேங்கோ. பறிச்ச பிறகும் இலை பச்சையா இருக்கிறவரை கிழங்குக்குச் சத்து இறங்கும். பூக்கிளையை மட்டும் வெட்டி எடுத்திட்டு, கொடி தானா மஞ்சளாகிக் காய்ஞ்சதும், நவம்பர் அளவில், நிலத்தில் இருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கோ. ஃபக்கிளை வெட்டின கத்தரிக்கோலைக் கழுவாமல் மற்றத் தோட்டத்துக்குக் கொண்டு போகாதேங்கோ, வாடல் நோய் அந்த வகைக்குக் கெதியாப் பிடிக்கும்.